கடையும் வீடும் ஒரே கட்டடம், நாலு கேமரா: கம்பெனிப் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ராஜபாளையம் பக்கம் கீழே மளிகைக் கடை, மேலே வீடு. உள்ளூர் டீலர் 2 மெகாபிக்சல் அனலாக் செட், நாலு கேமரா, 1 டிபி ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து 18 ஆயிரம் சொல்கிறார். ஆன்லைனில் வைஃபை கேமரா ஒன்று 2500 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நாலு வாங்கினால் பத்தாயிரத்தில் முடிந்துவிடும். எந்தக் கம்பெனி நல்லது, ஹேக் ஆகாமல் இருக்குமா, முன்னாடி போட்டிருந்த கேபிள் சுவருக்குள் அப்படியே கிடக்கிறது, அது உதவுமா? இவைதான் நீங்கள் எழுதியிருக்கும் கேள்விகள். படித்துப் பார்த்தால் உங்கள் மனதில் இருப்பது இரண்டே விஷயம் என்று தோன்றுகிறது. ஏதாவது நடந்துவிட்டால் அன்றைய பதிவு இருக்குமா, அதில் ஆள் தெரிவானா என்பது ஒன்று. பெண்களும் பிள்ளைகளும் நடமாடும் வீட்டை வேறு எவனாவது உட்கார்ந்து பார்த்துவிடுவானா என்பது இன்னொன்று. கம்பெனிப் பெயர் இந்த இரண்டுக்கும் பாதி பதில்கூட ஆகாது. கடைகள், கிளினிக்குகள், சின்ன மில்களுக்கு நெட்வொர்க்கும் கேமராவும் போட்டுப் பராமரிப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் கடையை நான் பார்த்ததில்லை, ஆகவே எந்தக் கேமரா எந்தச் சுவரில் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எதை வைத்து முடிவு செய்வது என்று சொல்ல முடியும்.

முதலில் ஆள் தெரியும் விஷயம். டீலர்கள் எத்தனை மெகாபிக்சல் என்று பேசுவார்கள். ஆனால் திருட்டு நடந்த மறுநாள் பதிவை ஓட்டிப் பார்க்கும்போது உதவுவது, அந்த ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்ற கணக்குதான். கேமரா அமைப்புகளுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தர ஆவணத்திலிருந்து இந்தத் துறையில் புழங்கும் அளவு இது: முன்பின் தெரியாத ஒருவனை இன்னார் என்று அடையாளம் காட்ட மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும், ஏற்கெனவே தெரிந்த ஆள்தானா என்று சொல்ல 125 போதும், யாரோ நடமாடுகிறார்கள் என்று மட்டும் தெரிய 25 போதும். 2 மெகாபிக்சல் என்றால் குறுக்கே 1920 பிக்சல். எல்லா டீலரும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டும் 2.8 எம்எம் லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கும், அதாவது 3 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 8 மீட்டர் அகலம். 1920ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். மூன்று மீட்டரைத் தாண்டி நிற்பவனின் முகம் உங்களுக்கு உருவம்தான், போலீஸுக்குக் காட்ட ஆகாது. அதே 2 மெகாபிக்சலில் 6 எம்எம் லென்ஸ் போட்டால் பார்வை குறுகும், ஆனால் 6, 7 மீட்டர் வரை முகம் கிடைக்கும். 4 மெகாபிக்சலில் 2.8 எம்எம் என்றால் சுமார் 4 மீட்டர். இது பகல் வெளிச்சத்தில், லென்ஸ் சுத்தமாக இருக்கும்போது வரும் கணக்கு; ராத்திரியில் இன்னும் குறையும். 2.8ஐ ஏன் எல்லா இடத்துக்கும் கொடுக்கிறார்கள் என்றால், முதல் நாள் ஃபோனில் திறந்ததும் கடை மூலைக்கு மூலை தெரிகிறது, நமக்கும் ஒரே சந்தோஷம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. கேமராப் படத்தை டிஸ்க்கில் பதிவு செய்யும் கருவிதான் டிவிஆர். விலை குறைந்த அனலாக் டிவிஆர் பலவற்றில் பெட்டி மேல் 1080 என்று போட்டிருக்கும், உள்ளே செட்டிங்கைத் திறந்து பார்த்தால் 1080என் அல்லது 1080 லைட் என்று இருக்கும். அது குறுக்கே பாதி பிக்சலை மட்டும் பதிவு செய்யும், 960 அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. கேமரா முழு 2 மெகாபிக்சல் கொடுத்தாலும் டிஸ்க்கில் ஏறுவது பாதி. நேரலையில் நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள், பணம் கொடுக்கும் முன் டீலர் முன்னாலேயே ஐந்து நிமிடம் பதிவு செய்து, பிளேபேக்கில் போட்டு, ஒரு ஆளின் முகத்தில் நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கேமரா மாட்டும் உயரமும் அப்படித்தான். கைக்கு எட்டக் கூடாது என்று பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டுகிறார்கள், பிறகு பதிவில் தெரிவதெல்லாம் உச்சந்தலையும் தொப்பியும். கல்லாவுக்கும் வாசலுக்கும் எட்டிலிருந்து ஒன்பது அடி சரியாக இருக்கும். மளிகைக் கடையில் வாசல் பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், காலை பத்து மணி வெயில் ரோட்டில் விழும்போது உள்ளேயிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில் வருகிறவர்கள் எல்லோரும் கருப்பு உருவமாகத்தான் வருவார்கள். அந்த ஒரு இடத்துக்காவது, கடும் வெளிச்சத்தையும் நிழலையும் சமன் செய்து காட்டும் நிஜமான டபிள்யூடிஆர் உள்ள கேமரா வேண்டும், விவரத்தாளில் 120 டெசிபல் (dB) என்று போட்டிருப்பார்கள். டிஜிட்டல் டபிள்யூடிஆர் என்று எழுதியிருந்தால் அது வேறு, பாதி வேலைதான் செய்யும். ராத்திரி விஷயத்தில் யாரும் சொல்லாத ஒரு எதிரி சிலந்தி. அகச்சிவப்பு விளக்கின் கதகதப்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு இழை கட்டினாலும் ராத்திரியில் அது வெள்ளைக் கயிறு மாதிரி ஒளிர்ந்து, பின்னால் இருக்கும் ஷட்டரே தெரியாமல் போய்விடும். காற்றில் அது ஆடும்போதெல்லாம் ஆள் வந்துவிட்டான் என்று ஃபோனில் மணி அடிக்கும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் தட்டிவிடுவதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை. அதேபோல் கூரையையோ சுவரையோ ஒட்டி மாட்டினால் விளக்கு அதில் பட்டுத் திரும்பி நடுப்படம் இருண்டுவிடும், ஒரு அடி தள்ளி மாட்டச் சொல்லுங்கள்.

வைஃபை கேமராவா, கேபிளா? கடைக்குக் கேபிள்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வைஃபை கேமராவுக்கும் கரண்ட் வயர் எப்படியும் போக வேண்டும், ஆக வயரே இல்லாத வேலை என்பது பாதி உண்மை. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும், பக்கத்துக் கடை, மாடி வீடு, எதிர்வீடு எல்லோரும் அதே அலைவரிசையில் இருப்பார்கள். பதிவு கேமராவுக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டில் ஏறுகிறது. திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியையும் சேர்த்துக் கொண்டுபோகிறான். 128 ஜிபி கார்டு ஒரு வாரம்போலத் தாங்கும், சாதாரணக் கார்டு இடைவிடாமல் எழுதி எழுதிச் சில மாதத்தில் சத்தமில்லாமல் செத்துப்போகும், தேவைப்படும் அன்றுதான் தெரியும். வைஃபை கேமராவை நான் மட்டமாகச் சொல்லவில்லை, வாடகை வீட்டு வாசலுக்கு, ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பா வீட்டு முன்பக்கத்துக்கு அது நல்ல பொருள். இடைவிடாமல் எழுதினாலும் தாங்கும் ஹை எண்டூரன்ஸ் கார்டு ஒன்று சேர்த்து வாங்கிப் போடலாம். கல்லாவுக்கு மட்டும் வேண்டாம்.

புதிதாகக் கேபிள் இழுப்பதாக இருந்தால் ஐபி கேமராவும் (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புவது) அதற்கான பதிவுக் கருவியான என்விஆரும் பிஓஇ முறையில் போடுங்கள், ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் படமும் போகும், 100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. ஒரு எச்சரிக்கை. சந்தையில் கேட்6 என்று விற்கும் மலிவுக் கேபிள்களில் நிறைய அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்தது, சிசிஏ என்பார்கள். நீளம் கூடினால் கரண்ட் குறையும், ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கேமரா அணைந்து அணைந்து வரும், கேமராவை மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோவார்கள். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று டீலரிடம் கேட்டால் ஒரு மாசம் தாராளமா நிற்கும் சார் என்பார். கணக்கு சிக்கலில்லை. 2 மெகாபிக்சல் கேமரா, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஹெச்.265 முறையில் சுமாராக 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) எழுதும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21 அல்லது 22 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத ஆரம்பிக்கும். பழைய ஹெச்.264 என்றால் ஆறு நாள்கூட வராது. அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்து நாளைக் கூட்டலாம், மளிகைக் கடையில் பகல் முழுக்க அசைவுதான், ராத்திரிதான் மிச்சமாகும். சரக்கு குறைவது பல கடைகளில் மாதக் கடைசி ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியவரும், ஆகவே உங்களுக்கு 30 நாள் தேவை, ஹெச்.265 இருந்தாலும் 3 டிபிக்குக் கிட்டே வரும், 4 டிபி வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கை மாட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. கண்காணிப்புக்கென்றே செய்த டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரியானதைக் கேட்டு, பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டால் டிஸ்க் தேவையில்லையே என்று கேட்கலாம். ஒரு கேமராவை நாள் முழுக்க ஏற்றினால் மேலே சொன்ன கணக்குப்படி மாதம் 650 ஜிபி, நாலுக்கு 2600. வீட்டு பிராட்பேண்டில் அன்லிமிடெட் என்று விற்கும் திட்டங்கள் பலவற்றுக்கே மாத உச்சவரம்பு 3300 ஜிபிதான். அதனால்தான் கிளவுட் திட்டங்களில் நிறைய, அசைவு வரும் சில விநாடித் துண்டுகளை மட்டும் சேமிக்கின்றன. கல்லா கேமரா ஒன்றுக்கு மட்டும் அப்படிக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், பதிவுக் கருவியையே தூக்கிக்கொண்டு போனாலும் அது மிஞ்சும். முழுப் பதிவு உங்கள் கட்டடத்தில், பூட்டிய அலமாரியில், காற்றுப் போகும்படி இருக்கட்டும். இன்டர்நெட் பார்ப்பதற்கு மட்டும்.

இனி ஹேக் கேள்வி. இதில் உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016இல் மிராய் என்ற நிரல் உலகமெங்கும் லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர்களைப் பிடித்து, அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் திணறியது. அதற்கு எந்த மேதாவித்தனமும் தேவைப்படவில்லை, கம்பெனிகள் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி பதிவுகள் டெலிகிராமில் விற்கப்பட்டது வெளியே வந்தபோது, பாஸ்வேர்டு அட்மின்123 என்று செய்திகள் வந்தன. ஆக, நம் ஊர்க் கடைகளில் ஆள் உள்ளே வரும் வழி பெரும்பாலும் இதுதான்: மாற்றாத பாஸ்வேர்டு. இரண்டாவது வழி, பழைய ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருள். 2021 செப்டம்பரில் ஹைக்விஷன் கேமராக்கள் பலவற்றில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகும் ஓட்டை வெளியானது, கம்பெனி புது ஃபர்ம்வேரும் கொடுத்தது, ஆனால் மாட்டிவிட்டுப் போன டீலர் திரும்ப வந்து அதை ஏற்றினாரா?

மூன்றாவது, கம்பெனியின் சர்வரிலேயே நடக்கும் கோளாறு. இதற்கு உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை. 2021 மார்ச்சில் வெர்காடா என்ற அமெரிக்கக் கம்பெனியின் நிர்வாகி லாகின் வெளியே கசிந்து ஒன்றரை லட்சம் கேமராக்களை வெளியாட்கள் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கம்பெனியின் கேமரா வைத்திருந்த சுமார் 13 ஆயிரம் பேருக்கு வேறு யாருடைய வீட்டுப் படமோ ஆப்பில் வந்தது. எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று விளம்பரம் செய்த யூஃபி என்ற கம்பெனி, படங்களைக் கிளவுடுக்கு அனுப்பியது 2022 நவம்பரில் தெரியவந்தது. ஆக, இந்த பிராண்ட் ஹேக் ஆகாது என்று எவர் சொன்னாலும், நான் உட்பட, நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் சர்வருக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியில் இருந்து சரிபார்க்க எனக்கு வழி இல்லை. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, படுக்கையறை, பிள்ளைகள் அறை, உடை மாற்றும் இடம் இவற்றில் நெட்டோடு இணைந்த கேமரா வேண்டவே வேண்டாம். மேல்வீட்டுக்கு மாடிப்படியும் வாசலும் போதும்.

ஊரில் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து இன்னும் சாதாரணமானது, ஹேக்கர் யாரும் இதில் இல்லை. மாட்ட வரும் பையன் தன் ஃபோன் நம்பரிலேயே ஆப்பில் கணக்குத் திறந்து, கருவியை அதில் சேர்த்து, உங்களுக்கு ஷேர் மட்டும் கொடுத்துவிட்டுப் போவான். உங்கள் கடை அவன் ஃபோனில் எப்போதும் திறந்திருக்கும். அவன் வேலையை விட்டு நம்பரையும் மாற்றிவிட்டால் பாஸ்வேர்டு மறந்தபோது ரீசெட் செய்ய ஆளே இருக்காது. சிலர் தாங்கள் போட்ட அத்தனை கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பார்கள், ஒரு தெரு முழுக்க ஒரே சாவியால் திறக்கிற மாதிரி. பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், உங்கள் நம்பரில், உங்கள் மெயிலில் கணக்குத் திறங்கள், அட்மின் பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள், இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் போடுங்கள், கல்லாவில் இருக்கும் தம்பிக்குப் பார்க்க மட்டும் தனி யூசர் கொடுங்கள். ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தால் வேகமாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், அது உங்கள் டிவிஆரை உலகத்துக்கே திறந்து வைப்பது; அதையே தானாகச் செய்துவிடும் யூபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள். கம்பெனி ஆப் வழியாகப் பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பு, விஷயம் தெரிந்த மருமகனோ மகனோ இருந்தால் ரௌட்டரில் விபிஎன் (உங்களுக்கு மட்டுமான மறையாக்கம் செய்த தனிவழி) போட்டுப் பார்ப்பது இன்னும் மேல். ரௌட்டரில் கெஸ்ட் வைஃபை இருந்தால் வைஃபை கேமராக்களை அதில் போடுங்கள், பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் வேண்டாம்.

இப்போதுதான் கம்பெனி. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரல் 9 தேதியிட்ட அறிவிக்கையில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது, 2025 ஏப்ரல் 9 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மறையாக்கம், ஃபர்ம்வேரின் நம்பகத்தன்மை, தயாரிப்பின்போது சோதனைக்காக உள்ளே விட்டுவைத்த டீபக் போர்ட் மாதிரியானவற்றைச் சோதிக்கிறார்கள். அந்த அமைச்சகத்தின் சோதனை அமைப்பான எஸ்டிகியூசியின் சான்று இந்த மாடலுக்கு உண்டா என்று டீலரிடம் கேளுங்கள், பிராண்டுக்கு இருப்பது போதாது, மாடல் நம்பர் முக்கியம். சான்று இருந்தால் ஓட்டையே இருக்காது என்று பொருளில்லை, அடிப்படை ஒழுங்காவது பார்க்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓரமாகக் கிடந்த பழைய ஸ்டாக், பெயர் தெரியாத பெட்டி, இவற்றை 500 ரூபாய் லாபத்துக்காக வாங்க வேண்டாம். ஆன்விஃப் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் சேர்ந்து வேலை செய்வதற்கான பொது முறை) ஒத்துழைக்கும் மாடலாகவும் பாருங்கள், நாளைக்கு ஒரு கேமரா போனால் வேறு கம்பெனிக் கேமராவை அதே என்விஆரில் சேர்க்கலாம். அதற்கு மேல், உங்கள் ஊரில் இரண்டு நாளில் வந்து பார்க்கும் டீலர் எந்த பிராண்டுக்கு இருக்கிறாரோ அதுதான் நல்ல பிராண்ட். ஏஐ, முகம் அறிதல், ஆள் எண்ணுதல் என்று கூடுதல் காசு கேட்பார்கள். ஆள், வண்டி, நாய் என்று பிரித்து மணி அடிப்பது ஓரளவு வேலை செய்கிறது, உங்கள் இடத்து வெளிச்சத்தில் எவ்வளவு என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். மலிவுக் கேமராவின் முகம் அறிதலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

கரண்ட் போனால் கேமராவும் போகும் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் டிவிஆரை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டு ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் சேர்த்தே 50, 60 வாட் அளவுதான் வரும், வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபியைப் போட்டு, இந்திய நேரம் இருக்கிறதா பாருங்கள். பதிவில் மணி தப்பாக இருந்தால் வழக்கில் முதல் கேள்வியே அதுதான். நான் வக்கீல் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) கேட்கிறார்கள். எனவே வாட்ஸாப்பில் அனுப்பிய துண்டை நம்பிக்கொண்டு மூலப் பதிவு அழிய விடாதீர்கள். சம்பவம் நடந்த அன்றே அந்த நேரத்துப் பதிவை பென்டிரைவில் எடுத்து, டிவிஆரிலும் பூட்டி வையுங்கள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கும் கேமராவில் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி இருக்கும், பிரைவசி மாஸ்க் என்று இருக்கும், போட்டுவிடுங்கள், ஒரு சண்டை மிச்சம்.

கடைசியாகப் பழைய கேபிள். அது கருப்பாகவோ வெள்ளையாகவோ உருண்டையாக, உள்ளே ஒரு செம்புக் கம்பியும் மூன்று கரண்ட் வயரும் இருந்தால் 3+1 கேபிள். எலி கடிக்காமல், முனைகள் துருப்பிடிக்காமல் இருந்தால் 2 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல் அனலாக் கேமரா இரண்டுமே அதில் ஓடும். பிஎன்சி முனைகளைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், படம் ஆடுவதில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். பல டிவிஆர்களில் அனலாக்கோடு ஒன்றிரண்டு ஐபி கேமராவும் சேர்க்கலாம். ஆக நானாக இருந்தால் டீலரின் 18 ஆயிரத்து செட்டை அப்படியே வாங்காமல், மாடிப்படிக்கும் குடோனுக்கும் பழைய கேபிளில் அனலாக், கல்லாவுக்கும் வாசலுக்கும் புதுக் கேபிளில் 4 மெகாபிக்சல் ஐபி, டிஸ்க் 4 டிபி என்று மாற்றி எழுதித் தரச் சொல்வேன். விலை கொஞ்சம் ஏறும், டீலர் முதலில் முனகுவார், ஆனால் ஒரே செட்டாக விற்பதைவிட இதில் அவருக்கும் நஷ்டமில்லை. வாசல் அகலம் எத்தனை அடி, கல்லா வாசலிலிருந்து எவ்வளவு தூரம், ராத்திரி வெளியே தெருவிளக்கு இருக்கிறதா, இந்த மூன்றையும் எழுதினால் எந்த இடத்துக்கு எந்த லென்ஸ் என்று சொல்கிறேன்.